வேறு பெயர் உண்டா?

கேள்வி: அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலம் ஒன்றில் இருக்கும் தமிழ்ச் சங்கத்துக்கு இந்த ஆண்டு நான் செயலாளர். சென்ற ஆண்டு பொதுக்கூட்டத்தில் நடந்தது இன்னும் மனத்தை அரிக்கிறது. தேர்தல் குழுவை அப்போதைய தலைவரே நியமித்தார். தாமும் அதில் உட்கார்ந்துகொண்டார். குழு ஒவ்வொரு பதவிக்கும் ஒரே பெயரைச் சொன்னது. தலைவர் பதவிக்கு “வேறு யாராவது உண்டா?” என்று கேட்டு வாய் மூடுவதற்குள் முன்வரிசையில் ஒருவர் “நாமினேஷனை முடித்துக்கொள்ளலாம்” என்றார். இன்னொருவர் வழிமொழிந்தார். பின்னால் ஓர் அம்மா கையைத் தூக்கிக்கொண்டே நின்றார். “முடிஞ்சிடுச்சும்மா” என்று சொல்லிவிட்டார்கள். எல்லோரும் கைதட்டினோம், தலைவர் ஒருமனதாகத் தேர்வு என்று அறிவித்தார்கள். பொருளாளர் பதவிக்கு மட்டும் அவையிலிருந்து இரண்டு பெயர் கூடுதலாக வந்ததால் சீட்டுப் போட்டோம். 46, 38, 22, வெற்றுச் சீட்டு 6. 46 வாங்கியவர் வென்றதாக அறிவிக்கப்பட்டது. எங்கள் பைலாவில் (சங்கத்தின் சட்டதிட்டங்களில்) “நிர்வாகிகள் வாக்குச்சீட்டு மூலம் பெரும்பான்மை வாக்கில் தேர்ந்தெடுக்கப்படுவர்” என்று இருக்கிறது. பைலாவில் இல்லாதவற்றுக்கு, கூட்டம் நடத்தும் முறைகளைச் சொல்லும் ராபர்ட்ஸ் ரூல்ஸ் என்ற அமெரிக்கப் புத்தகம் பொருந்தும் என்றும் இருக்கிறது. சென்ற ஆண்டு நடந்தது செல்லுமா? வருகிற டிசம்பரில் எப்படி நடத்த வேண்டும்? வர முடியாதவர்கள் வாட்ஸ்அப்பில் ஓட்டு அனுப்பலாமா என்று கேட்கிறார்கள், என்ன சொல்வது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் கணக்கு இருக்கிறது, பைலா இருக்கிறது, வாட்ஸ்அப் இருக்கிறது. எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிவது பின்வரிசையில் தூக்கிய அந்தக் கை. கூட்டங்களில் தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விதி சொல்லும் பார்லிமென்டேரியன் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். சங்கங்கள் இரண்டாக உடைந்த இடங்களில் பின்னோக்கி விசாரித்துப் பார்த்தால், பெரும்பாலும் இப்படி ஒரு கையில்தான் போய் நிற்கும். பேர் சொல்ல வந்தவரைச் சொல்லவிடவில்லை. அவர் அதை மறக்கவில்லை.

முதலில் நாமினேஷன் என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் மீதிக் குழப்பம் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது. அவைக்கு முன்னால் ஒரு தீர்மானம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: “சங்கத்தின் தலைவராக ________ அவர்களைத் தேர்ந்தெடுக்கிறோம்.” அந்தக் கோட்டில் எந்தப் பெயரைப் போடலாம் என்று ஓர் உறுப்பினர் சொல்வதுதான் நாமினேஷன். கோட்டை நிரப்ப ஒரு யோசனை, அவ்வளவே. அதனால்தான் ராபர்ட்ஸ் ரூல்ஸில் அதற்கு வழிமொழிதல் தேவையில்லை. ஒருவர் எழுந்து பெயர் சொன்னால் போதும், “இவரை யார் செகண்ட் பண்றீங்க?” என்று தலைவர் கேட்க வேண்டியதில்லை. கேட்டு, யாரும் வழிமொழியவில்லை என்பதற்காகப் பெயரைத் தள்ளினால் தவறு.

நம் மக்களுக்கு இது ஒட்டாமல் இருப்பதன் காரணம் புரிகிறது. ஊரில் கூட்டுறவுச் சங்கம், கல்லூரி மன்றம், பழைய மாணவர் சங்கம் எதை எடுத்தாலும் “அவர் முன்மொழிய, இவர் வழிமொழிந்தார்” என்று எழுதித்தான் நமக்குப் பழக்கம். பல சங்கங்களின் வேட்புமனுவில் இருவரும் கையெழுத்தே போட வேண்டும். மதுரைக்காரர் ஒரு பழக்கத்தைக் கொண்டு வருகிறார், யாழ்ப்பாணத்துக்காரர் இன்னொன்றைக் கொண்டு வருகிறார், பெங்களூர் அடுக்குமாடிச் சங்கத்தில் இருந்துவிட்டு வந்தவர் மூன்றாவது ஒன்றைக் கொண்டு வருகிறார். ஒவ்வொருவருக்கும் தம்முடையதுதான் விதி.

ராபர்ட் என்பவரே இப்படி ஒரு சிக்கலில் இருந்துதான் புறப்பட்டார். ஹென்றி மார்ட்டின் ராபர்ட் அமெரிக்க ராணுவத்தில் இன்ஜினியர். 1863இல் மாசசூசெட்ஸின் நியூ பெட்ஃபோர்டில் ஒரு கூட்டத்துக்குத் தலைமை வகிக்கச் சொன்னார்கள். எப்படி நடத்துவது என்று தெரியாமல் கூட்டம் கைமீறிப் போனது, அவருக்கு வெட்கமாகப் போயிற்று. பிறகு சான்பிரான்சிஸ்கோவுக்கு மாற்றலாகிப் போனபோது, நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்து சேர்ந்தவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து, ‘எங்கள் ஊரில் இப்படித்தான்’ என்று ஆளுக்கொரு விதி பேசி மோதிக்கொள்வதைப் பார்த்தார். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று வேண்டும் என்றுதான் 1876இல் புத்தகமாகப் போட்டார். இப்போது புழக்கத்தில் இருப்பது 2020இல் வந்த 12ஆம் பதிப்பு. அன்றைய சான்பிரான்சிஸ்கோ கூட்டத்துக்கும் உங்கள் பொதுக்கூட்டத்துக்கும் நான் பெரிய வித்தியாசம் பார்க்கவில்லை. அந்தப் புத்தகம் பைலாவில் சும்மா ஒரு வரியாகக் கிடக்காமல், அதில் இருப்பது உறுப்பினர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி அந்த “முடித்துக்கொள்ளலாம்” என்ற குரல்.

நாமினேஷனை முடிக்கும் தீர்மானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். சாதாரணப் பெரும்பான்மை போதாது. இது உறுப்பினரின் உரிமையைப் பறிக்கும் தீர்மானம் என்பதுதான் காரணம். பெயர் சொல்ல வாய்ப்பிருந்தவர்களிடம் “இனி முடியாது” என்று அவை சொல்கிறது; அதை லேசாகச் சொல்லிவிடக் கூடாது. முடித்ததை மறுபடி திறக்க மட்டும் சாதாரணப் பெரும்பான்மை போதும். கதவைச் சாத்தக் கடினம், திறக்க எளிது, அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு: பெயர் சொல்ல விரும்புகிறவருக்கு நியாயமான அவகாசம் கிடைக்கும்வரை அந்தத் தீர்மானத்தையே எடுக்கக் கூடாது. ஒரு கை உயர்ந்து நிற்கும்போது முன்வரிசைக்காரர் “முடிக்கலாம்” என்றால், தலைவர் சொல்ல வேண்டிய பதில்: “அந்தத் தீர்மானம் இப்போது எடுக்க முடியாது. பின்னால் ஒருவர் கை தூக்கியிருக்கிறார். சொல்லுங்கம்மா.”

உண்மையில் அந்தத் தீர்மானமே பெரும்பாலும் தேவையில்லை. தலைவர் இப்படி நடத்தினால் போதும்: “தலைவர் பதவிக்குத் தேர்தல் குழு இன்னாரின் பெயரைத் தந்திருக்கிறது. அவையிலிருந்து வேறு பெயர் உண்டா?” பிறகு நிறுத்த வேண்டும். முன்னால் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தது போதாது. பின்சுவர்வரை கண்ணை ஓட்ட வேண்டும், கதவுப் பக்கம் குழந்தையை வைத்துக்கொண்டு நிற்பவர்களையும் பார்க்க வேண்டும். மறுபடி, “வேறு பெயர் உண்டா?” மறுபடி அமைதி. மூன்றாம் முறையும் கேட்டு, யாரும் எழவில்லை என்றால், “தலைவர் பதவிக்கான நாமினேஷன் முடிந்தது.” தீர்மானமும் வேண்டாம், வாக்கும் வேண்டாம். மேடையில் நிற்பவருக்குப் பத்து நொடி அமைதி பத்து நிமிஷம்போலத் தெரியும். பின்வரிசைக்காரருக்கு அது எழுந்து நிற்கவே காணாது. நான் பக்கத்தில் இருக்கும்போது தலைவர்களிடம் மனத்துக்குள் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணச் சொல்வேன்.

ஒரு சங்கத்தில் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். இரண்டு முறை கேட்டாகிவிட்டது. மூன்றாவது முறை கேட்டபின் ஏழெட்டு நொடி கழித்து, சாப்பாட்டு மேசையில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்த ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நூலகப் பொறுப்பைப் பல ஆண்டாகப் பார்த்துவந்த ஓர் அம்மாவின் பெயரைச் சொன்னார். அந்த அம்மாவுக்கே அது ஆச்சரியம். அன்று அவர் வெல்லவில்லை. ஆனால் தோற்ற தரப்பிலிருந்து அந்த ஆண்டு முழுக்க ஒரு முணுமுணுப்பும் வரவில்லை. “கேட்டாங்க, சொன்னோம், ஓட்டுப் போட்டாங்க” என்றார்கள்.

தேர்தல் குழுவுக்கு வருகிறேன். குழு தரும் பட்டியல் ஒரு பரிந்துரைதான். குழு அறிக்கை வாசித்ததும் அவையிலிருந்து பெயர் கேட்டே ஆக வேண்டும், அது தலைவரின் விருப்பம் இல்லை. குழுவைத் தலைவர் நியமிக்கக் கூடாது, அவர் அதில் இருக்கவும் கூடாது என்பது ராபர்ட்ஸ் ரூல்ஸின் அழுத்தமான அறிவுரை. மற்றக் குழுக்களுக்கெல்லாம் தலைவரைப் பதவி வழி உறுப்பினராக வைக்கும் சங்கங்கள்கூடத் தேர்தல் குழுவை மட்டும் விலக்கி எழுத வேண்டும் என்கிறது. நல்ல தலைவருக்கும் இது பாதுகாப்பு. அவர் நேர்மையாகவே பெயர்களைத் தேர்ந்தெடுத்திருந்தாலும், “தன் வாரிசைத் தானே வைத்தார்” என்ற பேச்சிலிருந்து தப்ப முடியாது. இந்த ஆண்டு பொதுக்குழுவோ நிர்வாகக் குழுவோ வாக்கெடுத்து மூன்று அல்லது ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்கட்டும். குழுவில் இருப்பவர் பதவிக்கு நிற்கக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படித் தடை இல்லை. தடை வைத்தால், ஒருவரை நிற்கவிடாமல் செய்யக் குழுவில் தூக்கிப் போட்டால் போதும் என்றாகிவிடும்.

குழுவின் முக்கியமான வேலை, பெயர் சொல்லுமுன் அந்தந்த ஆளிடம் கேட்பது. “சார், உங்க பேரை வெச்சிருக்கோம்” என்று கூட்டத்தில் வைத்துத் தெரிவிப்பது நம்மிடம் பெருமையாக நினைக்கப்படுகிறது. வேண்டாம். இரவு ஷிப்டு இருக்கிறது, வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள், அவரால் முடியாது என்பது அப்போதே தெரிந்திருக்கும். ஆளே இல்லாத கூட்டத்தில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தால், அவர் முன்பே சம்மதம் சொல்லியிருந்தால் தேர்தல் அப்போதே முடிகிறது. சொல்லவில்லை என்றால் அவருக்குத் தகவல் போய், அவர் மறுக்காமல் இருந்தால்தான் முடிகிறது. மறுத்தால் மறுபடி முதலிலிருந்து.

அடுத்தது கைதட்டல். உங்கள் பைலா “வாக்குச்சீட்டு மூலம்” என்கிறது. ஒரே ஒருவர்தான் நிற்கிறார் என்றாலும், அவையில் ஒவ்வொருவரும் சம்மதித்தாலும், அந்த வரியைத் தள்ளிவைக்க முடியாது. “செயலாளர் அனைவர் சார்பிலும் ஒரு சீட்டுப் போடட்டும்” என்ற வழக்கமும் இங்கே செல்லாது. இது வெறும் பிடிவாதம் என்று தோன்றலாம், காரணத்தைக் கேளுங்கள். வாக்குச்சீட்டு இருப்பதே யார் யாருக்குப் போட்டார் என்பது தெரியாமல் இருக்கத்தான். “சீட்டு வேண்டாமே, எல்லோருக்கும் சம்மதம்தானே?” என்று தலைவர் கேட்கும்போது, மனத்தில் வேறு பெயர் வைத்திருப்பவர் என்ன செய்வார்? “எனக்குச் சீட்டு வேண்டும்” என்று வாய் திறந்தாலே அவர் எந்தப் பக்கம் என்று மண்டபத்துக்கே தெரிந்துவிடும். அதனால் பேசாமல் அவரும் கைதட்டுவார். அந்தக் கைதட்டலை ஒருமனது என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை. நம் சமூகத்தில் மரியாதைக்காகவும் முகத்துக்காகவும் வாய்மூடி இருப்பவர்கள் அதிகம். அவர்களுக்கு இருக்கும் ஒரே குரல் மடித்துப் போடும் அந்தச் சீட்டு.

எனவே ஒருவர் மட்டும் நின்றாலும் சீட்டு அச்சடியுங்கள். அவர் பெயர், அதன் கீழே ஒரு வெற்றுக் கோடு. பைலா தடுக்காதவரை, தகுதியுள்ள எந்த உறுப்பினரின் பெயரையும் அந்தக் கோட்டில் எழுதிப் போடலாம். அவர் நாமினேட் ஆகியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆனால் “வேண்டும் / வேண்டாம்” என்று கட்டம் போடாதீர்கள். தேர்தலில் ஒருவருக்கு எதிராக வாக்களிக்க ஒரே வழி இன்னொருவருக்கு வாக்களிப்பது. ஒரே பெயர் நிற்கும்போது சீட்டு தேவையில்லை என்று வருங்காலத்தில் பைலாவைத் திருத்த உங்களுக்கு உரிமை உண்டு, பல சங்கங்கள் செய்கின்றன. என்னைக் கேட்டால், மற்றப் பதவிகளுக்கு வேண்டுமானால் அப்படிச் செய்யுங்கள். தலைவர், பொருளாளர் இரண்டுக்கும் சீட்டை விட்டுவிடாதீர்கள்.

இப்போது 46. உங்கள் பைலா ‘பெரும்பான்மை’ என்கிறது. பெரும்பான்மை என்பது பதிவான வாக்கில் பாதிக்கு மேல். மற்றவர்களைவிட அதிகம் வாங்குவது வேறு விஷயம், அது போதும் என்று பைலாவே சொன்னால்தான் போதும். உங்கள் கணக்கை எடுத்துக்கொள்வோம். பெட்டியில் விழுந்தது 112. வெற்றுச் சீட்டு 6. அது வாக்கு இல்லை, வெறும் தாள், தள்ளிவிடலாம். பதிவான வாக்கு 106. அதில் பாதி 53. தேவை 54. 46 வாங்கியவருக்கு எட்டு வாக்குக் குறைவு. அவர் தேர்வாகவில்லை, யாருமே தேர்வாகவில்லை.

இதில் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. உறுப்பினர் ஒருவர் தெரியாமல் இரண்டு பெயருக்கும் டிக் போட்டுவிட்டார், அல்லது எழுத்தே புரியவில்லை. அந்தச் சீட்டு எந்த வேட்பாளருக்கும் சேராது. ஆனால் மொத்தத்தில் சேரும். அவர் வாக்களிக்கத்தான் முயன்றார். வெற்றுத்தாள் போட்டவர் முயலவில்லை. அப்படி மூன்று சீட்டு கூடுதலாக இருந்திருந்தால் மொத்தம் 109, தேவை 55. பாதி 54½ என்று வருவதால் சிலர் “பாதி கூட்டல் ஒன்று” என்று கணக்குப் போட்டு 55½, அதனால் 56 என்பார்கள். இல்லை. பாதிக்கு மேல் என்றால் பாதிக்கு மேல்தான், 55 போதும்.

யாரும் பெரும்பான்மை பெறவில்லை என்றால் மறுபடி சீட்டு. கடைசியாக வந்த 22 வாக்குக்காரரைத் தானாக வெளியேற்றக் கூடாது. அவராக விலகினால் சரி. “ரெண்டு பேர் மட்டும் மோதட்டும்” என்று நமக்குச் சொல்லத் தோன்றும், ஆனால் முதல் இருவரும் விட்டுக்கொடுக்காமல் நிற்கும்போது இரு பக்கமும் ஏற்கும் ஆள் அந்த மூன்றாமவராகவே இருக்கலாம். மூன்றாவது, நான்காவது சுற்றில் 22 வாங்கியவர் 60 வாங்கி ஜெயிப்பதும் நடக்கும். நேரமாகும் என்பது உண்மைதான். அதற்காகத்தான் கலை நிகழ்ச்சிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் தேர்தலைச் செருகாதீர்கள் என்று ஒவ்வொரு சங்கத்திடமும் கெஞ்சுகிறேன். சீட்டுகளை நான்கு நிறத் தாளில் அடித்து வையுங்கள்: முதல் சுற்று வெள்ளை, இரண்டாவது மஞ்சள், அப்படி. பழைய சுற்றுச் சீட்டு புதியதில் கலக்காது.

தலைவரும் உறுப்பினர்தான், அவரும் மற்றவர்களோடு சேர்ந்து அதே நேரத்தில் தம் சீட்டைப் போட வேண்டும். எண்ணி முடித்தபின், சமமாக வந்துவிட்டது என்பதற்காக இன்னொரு வாக்கு அவருக்குக் கிடையாது. சமமானால் அதுவும் மறு சீட்டுதான்.

ஒரு பதவிக்கு நாமினேஷன் எடுத்து, வாக்கெடுத்து, முடிவு அறிவித்து, பிறகு அடுத்த பதவிக்குப் போங்கள். தலைவர் பதவிக்குத் தோற்ற நல்ல ஆளைத் துணைத்தலைவர் பதவிக்கு யாராவது சொல்ல வாய்ப்பிருக்கும். பைலா வேறு முறை சொன்னால் அதன்படி.

எண்ணுவதைப் பற்றி. உத்திரமேரூர்க் கல்வெட்டை நாம் மேடையில் பெருமைக்குச் சொல்கிறோம். அதில் எனக்குப் பிடித்தது குடத்தைவிட, ஓலையை வாங்கும் விதம். முதலாம் பராந்தக சோழன் காலத்து அந்தக் கல்வெட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலை எடுக்கச் சொல்கிறது. அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்தி வாங்க வேண்டும் என்கிறது. கைக்குள் வேறொரு ஓலை மறைந்திருக்க இடமில்லை. பிறகு அவன் வாசிக்க வேண்டும், அங்கே இருந்த நம்பிமாரும் (கோயில் பூசாரிகள்) எல்லாரும் வாசிக்க வேண்டும். அது குலுக்கல், நம்முடையது வாக்கு, முறை வேறுதான். ஆனால் அந்த விரித்த உள்ளங்கை உங்கள் எண்ணும் மேசையிலும் இருக்க வேண்டும்.

அதை இப்படிச் செய்யுங்கள். எந்த வேட்பாளரின் வீட்டாரும் இல்லாத மூவரை எண்ணுவதற்கு நியமியுங்கள். முடிந்தால் எதிரெதிர்த் தரப்புக்கு நம்பிக்கையானவர்கள் கலந்திருக்கட்டும். ஒருவர் சீட்டைப் பிரித்து வாசிக்க, மற்ற இருவரும் தனித்தனித் தாளில் ஐந்தைந்தாகக் கோடு போடட்டும். இரண்டு தாளும் ஒத்துவர வேண்டும். அவர்கள் அறிக்கையில் பதிவான வாக்கு, தேர்வாகத் தேவையான வாக்கு, ஒவ்வொருவரும் பெற்றது, செல்லாதவை எத்தனை, ஏன் செல்லாதவை, இத்தனையும் இருக்க வேண்டும். எண்ணியவர் வாசித்த பிறகு, தலைவரும் மறுபடி வாசித்து யார் தேர்வு என்று அறிவிக்க வேண்டும். அறிக்கை முழுவதும், எண்கள் உட்பட, உங்கள் மினிட்ஸில் ஏற வேண்டும். “தோற்றவர் மனம் நோகும், நம்பர் வேண்டாமே” என்று யாராவது கேட்பார்கள். அன்பாக மறுத்துவிடுங்கள். மறைத்த எண்ணைப் பற்றி வாட்ஸ்அப்பில் உலவும் எண் எப்போதும் நிஜத்தைவிட மோசமாக இருக்கும். சீட்டுகளை உறையில் போட்டு ஒட்டி, எண்ணியவர்கள் கையெழுத்துடன் செயலாளர் வைத்திருங்கள். எத்தனை நாள் கழித்து அழிக்கலாம் என்பதையும் அந்தக் கூட்டத்திலேயே ஒரு தீர்மானமாகப் போட்டுவிடலாம்.

வாட்ஸ்அப் ஓட்டுக்கு ஒரே பதில்தான்: பைலா அனுமதிக்காமல் முடியாது. வாக்களிக்கும் உரிமை அந்த நேரத்தில் அந்த அவையில் இருக்கும் உறுப்பினருக்கு உரியது. ப்ராக்ஸியும், அதாவது வராதவர் சார்பில் இன்னொருவர் வாக்களிப்பதும், அப்படியே, ஆனால் இதில் உங்கள் மாநிலத்தின் லாபநோக்கற்ற அமைப்புகளுக்கான சட்டத்தை ஒருமுறை பாருங்கள். சில மாநிலச் சட்டங்கள் ப்ராக்ஸிக்கு இடம் தருகின்றன. சட்டம் முதலில், பிறகு பதிவு ஆவணம், பிறகு பைலா, கடைசியில்தான் ராபர்ட். வர முடியாதவர்களின் ஆதங்கம் நியாயமானது. அதற்கு வழி பைலா திருத்தம். முன்னறிவிப்புக் கொடுத்து, ரகசியம் காக்கும் முறையை யோசித்துச் செய்ய வேண்டிய வேலை, கூட்டத்துக்கு முந்தின இரவு செய்வதல்ல. வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஓட்டு பெயரோடும் போன் நம்பரோடும் வரும். வாக்குச்சீட்டின் பொருளே போய்விடும்.

சென்ற ஆண்டுத் தேர்தல் செல்லுமா என்று கேட்டிருந்தீர்கள். பொது விதி: தவறு நடக்கும்போதே ஒழுங்குப் பிரச்சினை எழுப்ப வேண்டும், அதாவது எழுந்து ‘இது விதிப்படி இல்லை’ என்று சுட்டிக்காட்ட வேண்டும். பொருளாளர் 46 வாக்கில் வென்றார் என்று அறிவித்தபோது, யாராவது எழுந்து “தலைவர் அவர்களே, 54 வேண்டும்” என்று சொல்லியிருக்க வேண்டும். எல்லோரும் பேசாமல் இருந்துவிட்டதால் அறிவிப்பு நின்றுவிட்டது. நாமினேஷனை அவசரமாக முடித்ததற்கும் அதே கதிதான். ஆனால் எப்போது வேண்டுமானாலும் எழுப்பக்கூடிய சில தவறுகள் உண்டு: பைலா கேட்கும் தகுதி இல்லாதவரைத் தேர்ந்தெடுத்தது, உறுப்பினர் அல்லாதவர்களின் வாக்கு முடிவை மாற்றியது, பைலா வாக்குச்சீட்டு கேட்டும் அதை விட்டது. தலைவர் தேர்தல் இந்தக் கடைசி வகையில் விழுகிறது. அதாவது கைதட்டித் தேர்ந்தெடுத்த தலைவரின் தேர்தலை எதிர்த்து ஒழுங்குப் பிரச்சினை எழுப்ப, அவர் பதவியில் இருக்கும்வரை இடம் இருக்கிறது.

இடம் இருக்கிறது என்பதால் எழுப்ப வேண்டுமா? டிசம்பர் அருகில் இருக்கிறது. இப்போது எழுப்பினால் சில வாரப் பதவிக்காக ஓராண்டுக் கோபத்தைக் கிளறுவீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் தலைவரைத் தனியே பார்த்து, பைலாவின் அந்த வரியைக் காட்டி, “சார், போன தடவை நாம எல்லாருமே கவனிக்கலை. இந்தத் தடவை சரியாப் பண்ணிடலாம்” என்று சொல்வேன். அன்று கூட்டத்தை நடத்திய தலைவரும் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு முன்னால் இருந்தவர்கள் செய்ததைப் பார்த்துச் செய்திருக்கிறார்.

பைலாவைக் கையில் எடுக்கும்போது பதவிக் காலம் பற்றிய வரியையும் படித்துவிடுங்கள். வெறுமனே “ஓராண்டு” என்று மட்டும் இருந்தால், டிசம்பரில் பொருளாளர் பதவிக்கு ஆளே கிடைக்காதபோது பழையவரின் காலமும் முடிந்து, பதவி காலியாகி, காசோலையில் கையெழுத்துப் போட ஆளில்லாமல் போகும். “ஓராண்டுக்கு, அல்லது அடுத்தவர் தேர்ந்தெடுக்கப்படும்வரை” என்று இருந்தால் பழையவர் தொடர்வார். தேவைப்பட்டால் அவர் தேர்தலை அவை ரத்து செய்யவும் முடியும். “அல்லது” என்ற இடத்தில் “மற்றும்” என்று இருந்தால், இடையில் அவரை நீக்க ஒழுங்கு நடவடிக்கை விசாரணைதான் வழி. ஒரு சொல்லில் அத்தனை வித்தியாசம்.

குடும்ப உறுப்பினர் சந்தாவுக்கு எத்தனை வாக்கு என்பதும் பல சங்கங்களில் எழுதாமலே கிடக்கிறது. உங்கள் பைலாவில் தெளிவாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். வாசலில் வைத்து அதைத் தீர்க்க முடியாது. சந்தா கட்டியவர்களின் பட்டியலை அச்சடித்து, நுழைவாயில் மேசையில் வைத்து, பெயரைக் குறித்துவிட்டுச் சீட்டைக் கொடுங்கள். கொடுத்த சீட்டு எத்தனை, பெட்டியில் விழுந்தது எத்தனை என்று ஒப்பிட அதுதான் ஆதாரம்.

கடைசியாக ஒன்று. பொதுக்கூட்ட அழைப்பு போகும்போது, “ஒவ்வொரு பதவிக்கும் அவையிலிருந்தும் பெயர் சொல்லலாம், சொல்ல நினைப்பவர்கள் அவரிடம் முன்பே சம்மதம் கேட்டுக்கொள்ளுங்கள்” என்று இரண்டு வரி சேருங்கள். போன வருஷம் கை தூக்கிய அந்த அம்மாவுக்கு மட்டும் மின்னஞ்சலோடு விடாமல் போனும் செய்யுங்கள். அவர் யார் பெயரைச் சொல்ல நினைத்தார் என்று கேட்க வேண்டாம். இந்த முறை மைக் பின்வரிசைக்கும் வரும் என்று மட்டும் சொல்லுங்கள், அன்று இரண்டாவது மைக் ஒன்றை மறக்காமல் எடுத்துப் போங்கள்.